டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டால் முடிந்ததா?
வளைகுடாத் தமிழ்ப் பெற்றோரின் கோரிக்கைச் சாசனம்

துபாயிலும் ஷார்ஜாவிலும் தோஹாவிலும் குவைத்திலும் பிள்ளைகளை வளர்க்கும் நாங்கள், இந்தியத் தூதரகங்களிடமும் பள்ளிகளிடமும் அயலகத் தமிழர் நலவாரியத்திடமும், அதற்கும் முன்பாக எங்கள் வீட்டாரிடமும், பிள்ளைகளைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்க இந்தக் கோரிக்கைகளை வைக்கிறோம்.

2012இல் துபாயில் வதீமா என்ற எட்டு வயதுச் சிறுமி பெற்ற தகப்பனின் வீட்டிலேயே சித்திரவதைப்பட்டு இறந்தாள். அவள் பெயரால் இன்றும் அழைக்கப்படும் 2016ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் வன்முறை உட்பட எல்லாத் துன்புறுத்தலிலிருந்தும் அமீரகத்துக் குழந்தைகளைக் காக்க வந்தது. ஆசிரியரும் மருத்துவரும் சமூகப் பணியாளரும் கட்டாயம் தகவல் தரவேண்டும். தந்தவர் யாரென்பது வெளியே வராது. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? குழந்தை வாய் திறந்ததும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஊருக்கு டிக்கெட். தொட்டவர் இங்கேயே வேலையில் இருக்கிறார்.

பெரும்பாலும் விசா கணவன் பேரில் இருக்கிறது. அவர்மீதோ அவர் தம்பிமீதோ புகார் கொடுத்தால் வாடகை, பள்ளிக் கட்டணம், தங்கும் உரிமை எல்லாம் போய்விடும் என்று தாய் பயப்படுகிறாள். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே முதல் கோரிக்கை இதுதான்: விதவைகளுக்கும் மணவிலக்குப் பெற்றவர்களுக்கும் ஸ்பான்சர் இல்லாமலே ஓராண்டு தங்க அமீரகம் 2018இல் வழிசெய்தது. குழந்தைக்காகப் புகார் கொடுக்கும் தாய்க்கும், வழக்கு முடியும்வரை அதே பாதுகாப்பை இந்திய அரசு கேட்டுப்பெற வேண்டும். மற்ற வளைகுடா நாடுகளிலும்தான்.

அடுத்த கோரிக்கை: குழந்தை ஊருக்குத் திரும்பிவிட்டாலும், இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்தை நம் நீதிமன்றம் விசாரிக்கலாம். அதற்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். குழந்தைகள் வழக்குகளில் அந்த அனுமதிக்குக் காலவரம்பு வையுங்கள். ஒவ்வொரு தூதரகத்திலும் தமிழ் பேசும் பெண் ஆலோசகர் ஒருவரை அமர்த்துங்கள்.

பார்ட்டிஷன் போட்டு உள்வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தியாவின் போக்சோ சட்டம் உறவினரையும் ஒரே வீட்டில் சேர்ந்து வசிப்பவரையும் ஒரே தட்டில் வைத்துத் தண்டனையைக் கூட்டுகிறது. "நம்ம ஊர்ப் பையன்தானே" என்று உள்வாடகைக்கு இருப்பவரிடம் பிள்ளையை விட்டுவிட்டு நைட் ஷிப்டுக்குப் போகாதீர்கள். வேறு வழியில்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத் தமிழ்ச் சங்கங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு செய்யட்டும். ஒரு பட்டிமன்றச் செலவு போதும்.

இனி எங்கள் வீட்டாரிடம். இந்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதாவதொரு பாலியல் சீண்டலைச் சொன்னார்கள். அவர்களில் ஆண்பிள்ளைகளே சற்று அதிகம். அதனால் பையன்தானே என்று இருந்துவிடாதீர்கள். நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது, ஒருவர் வந்தால் மட்டும் அறைக்குள் ஒளிவது, காரணமில்லாத வயிற்றுவலி, வயதுக்கு மீறிய பேச்சு, யார் கொடுத்ததென்று சொல்லாத பரிசு: இவை இருந்தால் உட்கார்ந்து, திட்டாமல், கேளுங்கள். எந்த அடையாளமும் காட்டாத குழந்தையும் உண்டு. வீடியோ காலில் "சித்தப்பாவுக்கு உம்மா கொடு" என்று வற்புறுத்துவதை இன்றே நிறுத்துங்கள். கோடை விடுமுறைக்கு ஊரில் விடும்போதும் இதே கவனம் வேண்டும்.

பள்ளிகள் தொடுதல் பற்றிய பாடத்தை மழலையர் வகுப்பிலிருந்தே நடத்த வேண்டும். பேருந்து உதவியாளருக்கும் பயிற்சி தர வேண்டும்.

சங்கத்துப் பெரியவர்கள் இதில் பஞ்சாயத்து பேசக்கூடாது. குடும்ப மானம் என்று சமாதானம் செய்துவைத்தவர் நிர்வாகக் குழுவில் இருந்தால் விலக வேண்டும். அமீரகத்திலும் சவூதியிலும் 116111, இந்தியாவில் 1098: இந்தக் குழந்தைகள் உதவி எண்களை அடுத்த பொங்கல் விழா அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள்.