பழைய பென்ஸும் புது ஜீரோவும்

"புது மாருதி வாங்குற காசுல பாதிதான் சார், பென்ஸே வருது பாருங்க"ன்னு மாசத்துக்கு ஒருத்தராவது எனக்கு விளம்பரம் அனுப்பி வைக்கிறாங்க. முக்காவாசி நேரம் ஒரே வண்டிதான். 2002-லிருந்து 2009 வரை வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸ். கார்ப் பைத்தியங்களின் பாஷையில் டபிள்யூ211. முன்னாடி நாலு முட்டைக்கண், கதவைச் சாத்தினா 'தொப்'புன்னு ஒரு கனமான சத்தம். அந்தச் சத்தத்துக்கே நம்மாளுங்க அட்வான்ஸ் கொடுத்துடுவாங்க :-)

இதுல ரெண்டு கட்சி உண்டு. "யானையைக் கட்டித் தீனி போட முடியாதுப்பா"ங்கிறது ஒண்ணு. "பென்ஸ் என்ஜின், அஞ்சு லட்சம் கிலோமீட்டருக்கு அசையாது"ங்கிறது இன்னொண்ணு. என்னைக் கேட்டா ரெண்டு பேருமே தப்பான இடத்தைப் பார்க்கிறாங்க. இந்த வண்டியில் பெரும்பாலும் என்ஜின் கடைசியாத்தான் படுக்கும். முதலில் படுக்கிறது ரப்பர், பிளாஸ்டிக், வயர், பேட்டரி. அதாவது சில்லறை. சில்லறையைக் கவனிக்காம விட்டாத்தான் அது நோட்டுக்கட்டைத் தின்னும்.

உதாரணம் சொல்றேன். ஏர் சஸ்பென்ஷன் வச்ச மாடல்களில் ஸ்பிரிங்குக்குப் பதிலா காற்று நிரப்பிய ரப்பர் பை இருக்கும். வயசானா அதில் மெல்லிசா வெடிப்பு விழும். ராத்திரி நிறுத்தின வண்டி காலையில் ஒரு பக்கம் படுத்துக் கிடக்கும். ஸ்டார்ட் பண்ணினதும் எழுந்துடும். "அதான் எழுந்துடுதே"ன்னு விட்டுடுவோம். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓடி ஓடி, கடைசியில் அதுவும் கருகிடும். சோப்புத் தண்ணி தெளிச்சுப் பார்த்திருந்தா ஒரு பையோடு போயிருக்கும்.

அடுத்தது கியர்பாக்ஸ். இதில் பல மாடல்களுக்கு வந்தது 5 கியர் ஆட்டோமேட்டிக். அதில் வயர் உள்ளே போகிற இடத்தில் 13 பின் பிளக் ஒண்ணு உண்டு. அதன் ரப்பர் வளையம் தேய்ஞ்சா ஆயில் கசியும். கீழே சொட்டினா பரவாயில்லை, வயருக்குள்ளேயே ஊறி ஏறி கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் வரைக்கும் போய்ச் சேர்ந்துடும். வண்டி ஒரே கியரில் நின்னுடும். இந்த கியர்பாக்ஸ் முதலில் வந்தப்போ "ஆயுளுக்கும் ஆயில் மாத்த வேண்டாம்"னு சொன்ன கம்பெனியே, பிற்பாடு 60,000 கிலோமீட்டரில் மாத்தச் சொல்லிடுச்சு. ஆயுள்னா யாரோட ஆயுள்னு நாமதான் கேட்டிருக்கணும்.

ஆரம்ப வருஷ வண்டிகளில் ரேடியேட்டர் உள்ளுக்குள்ளேயே உடைஞ்சு, கூலன்ட் போய் கியர் ஆயிலோடு கலக்கிறதும் தெரிஞ்ச வியாதிதான். அப்புறம் கிராங்க் சென்சார். சூடானதும் வண்டி நடுரோட்டில் அணையும், ஆறினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். விரல் அளவு சமாச்சாரம். கம்ப்யூட்டர் வச்சுப் பார்க்காம அனுமானத்தில் ஃப்யூல் பம்ப், ஃபில்டர்னு மாத்திக்கிட்டே போனா பில்தான் ஏறும்.

மழைத் தண்ணி தனிக்கதை. வைப்பருக்குக் கீழே தண்ணி வடியற ஓட்டையில் வேப்பஞ்சருகு அடைச்சா, தண்ணி ஃப்யூஸும் கம்ப்யூட்டரும் சேர்ந்த பெட்டிகளைத் தேடிப் போகும். ஹார்ன் தானா அடிக்கும், கண்ணாடி தானா இறங்கும். பேய் பிடிச்ச மாதிரி இருக்கும், காரணம் என்னவோ சருகு. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னையில் பழைய வண்டி வாங்குறவங்க ஸ்டெப்னி இருக்கிற குழியையும், சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்து அதன் கடைசி அடியையும் பார்க்காம வாங்கக் கூடாது. சேறு அங்கேதான் தங்கும்.

இது வரைக்கும் சொன்னதெல்லாம் காசோடு போற விஷயம். இனிமே சொல்லப் போறதுதான் இந்தப் பதிவுக்கே காரணம்.

2006-ல் முகம் மாறி வந்த வண்டிகளுக்கு முந்தையவற்றில் எஸ்.பி.சி. என்கிற பிரேக் இருக்கு. நீங்க பெடலை மிதிச்சா சென்சார் அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், மின் பம்ப் சேர்த்து வச்ச அழுத்தத்தில் பிரேக் பிடிக்கும். கோளாறு ஆனா முன் சக்கரங்களில் மட்டும் பழைய ஹைட்ராலிக் முறை வேலை செய்யும். பெடல் கல்லு மாதிரி ஆகும், வண்டி நிக்கவும் தூரம் எடுக்கும். 2004-ல் சுமார் 6.8 லட்சம் வண்டிகளையும், 2005-ல் சுமார் 13 லட்சம் வண்டிகளையும் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. இ-கிளாஸில் 2006-லேயே இந்த பிரேக்கைக் கைவிட்டாங்க. அமெரிக்காவில் இதற்கான உத்தரவாதத்தைப் பின்னால் 25 வருஷத்துக்கு நீட்டினாங்க. சும்மா நீட்டுவாங்களா?

இந்த யூனிட் எத்தனை தடவை பிரேக் பிடிச்சோம்னு எண்ணிக்கிட்டே இருக்கும். சுமார் 3 லட்சம் தாண்டினா சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும். இதுக்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடிச்சிருக்காங்க. கணக்கை மட்டும் ஜீரோ ஆக்கிடறது! சிவப்பு எழுத்து போயிடும். பம்ப் மோட்டாரின் தேய்மானம் அப்படியே இருக்கும். ஓடோமீட்டரைத் திருப்புறது நம்ம பர்ஸை ஏமாத்துற வேலை. இது பின் சீட்டில் தூங்குற குழந்தையை ஏமாத்துற வேலை. "வார்னிங் எதுவும் இல்ல சார், கிளீன் வண்டி"ன்னு விக்கிறவர் சொல்றதை ஆறுதலா எடுத்துக்காதீங்க. யூனிட்டை எப்போ மாத்தினாங்கன்னு பில் கேளுங்க. பில் இல்லைன்னா புது யூனிட் விலையைக் கழிச்சுப் பேசுங்க. ஒத்துக்கலைன்னா கிளம்பிடுங்க. வாங்கின பிறகும், பிரேக் பேட் மாத்தும்போது டயக்னாஸ்டிக் கம்ப்யூட்டர் வச்சு இதை அணைக்கணும். இல்லைன்னா பம்ப் தானா அழுத்தம் கொடுத்து, காலிப்பருக்குள் இருக்கிற மெக்கானிக் விரலை நசுக்கிடும்.

என்ஜின் விஷயத்தில் ஒரு விதிவிலக்கும் சொல்லிடறேன். 2005, 2006 வாக்கில் வந்த சில வி6 பெட்ரோல் என்ஜின்களில் பேலன்ஸ் ஷாஃப்ட் பல் சீக்கிரம் தேயும். அதை மாத்த என்ஜினையே இறக்கணும். செக் என்ஜின் விளக்கு எரிஞ்சா பேரம் பேசாம நடையைக் கட்டுங்க.

அப்போ பழைய பென்ஸ் வாங்கவே கூடாதா? வாங்கலாம். 2006 மாற்றத்துக்குப் பிந்தைய வண்டியா, பில் வச்சிருக்கிற ஓனரா, 15 வருஷம் தாண்டினதுக்கு ஆர்.சி. புதுப்பிச்சதா பாருங்க. வண்டி விலை அளவுக்கு இன்னொரு தொகையைத் தனியா ஒதுக்கி வையுங்க. வண்டி விலை இறங்கினா ஸ்பேர் விலையும் சேர்ந்து இறங்காது. அது இன்னமும் அரைக்கோடிக்காரருக்கான விலைதான்.

டிஸ்கி: "பத்தாயிரத்துக்கு ஜீரோ ஆக்கித் தர்ற ஆளு தெரியும்"னு பின்னூட்டம் போட்டா வெளியிட மாட்டேன். கோவிச்சுக்காதீங்க.