தலவிருட்சத்தின் விதை

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது பழமொழி. அந்த மரத்திற்கு விதை எடுத்துக் கொடுத்தவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. அண்மைக் காலமாகத் திருவிழாவின்போது பக்தர்களுக்கு மரக்கன்று வழங்கும் நல்வழக்கம் சில ஆலயங்களில் காணப்படுகிறது. போற்றத்தக்க தொண்டே அது. ஆயினும் வழங்கப்படும் கன்று எந்த மண்ணுக்கு உரியது, எந்தத் தாய்மரத்தின் விதையிலிருந்து வந்தது என்பதையும் ஆலய நிர்வாகத்தினர் சிந்தித்தல் வேண்டும்.

ஒவ்வொரு திருத்தலத்திற்கும் ஒரு தலவிருட்சம் உண்டு. சிதம்பரத்திற்குத் தில்லை, மயிலைக் கபாலீசுவரர் ஆலயத்திற்குப் புன்னை. அந்தந்த மண்ணில் இயல்பாக வளர்ந்த மரத்தையே முன்னோர் தெய்வத்தின் அருகில் வைத்துப் போற்றினர். தில்லை உப்பங்கழியின் மரம். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் சதுப்புநிலத்தில் இன்றும் அது வளர்கிறது. புன்னை கடற்கரையின் மரம்.

இவ்விரு மரங்களும் மலேசியாவிற்கும் உரியவை என்பதைப் பக்தர்களுள் எத்தனை பேர் அறிவர்? தில்லையை மலாய் மக்கள் புத்தா புத்தா என்பர். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதால் அமைந்த பெயர் அது. புன்னைக்குப் பெனாகா என்று பெயர். 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய பினாங்கு முனையின் பழைய பெயரே தஞ்சோங் பெனாகா, அதாவது புன்னை முனை. கடல் கடந்து வந்த தமிழர் வழிபட்ட மரம், அவர்கள் வருமுன்னரே இக்கரையில் பூத்து நின்றது.

அத்தகைய கரைகள் பல இடங்களில் மரமிழந்து நிற்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வட மலேசியக் கரைகளைத் தாக்கி 68 உயிர்களைப் பறித்தது. அதன்பின் 2005இல் கடலோரங்களில் கண்டல் முதலிய மரங்களை நடும் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. கண்டற்காடு பேரலையை முற்றிலும் தடுத்துவிடாது. எனினும் அலையின் வேகத்தைத் தணிக்கும், கரை அரிப்பைக் குறைக்கும், மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் புகலிடமாகும். பின்னர், 2021 முதல் 2025 வரையில் பத்துக் கோடி மரங்களை நடும் இயக்கமும் நாடு முழுவதும் நடத்தப்பட்டது.

எண்ணிக்கை மட்டும் காட்டை மீட்டுத் தராது. அலை மோதும் திறந்த சேற்றில், நிழலும் அமைதியான நீரும் வேண்டும் கன்றை ஊன்றினால் அது சில மாதங்களிலேயே சாயும். கடல்முகத்தில் முதலில் நிலைகொள்வது அப்பி அப்பி மரம். பாக்காவ் எனப்படும் கண்டல் பெரும்பாலும் அதற்குப் பின்னால் வளரும். தில்லையோ கரையை ஒட்டிய மேட்டுச் சேற்றை நாடும். மேலே மணற்பாங்கான இடத்தில் புன்னை நிற்கும். இந்த வரிசையை அறியாமல் நடுவது, கருவறையில் கொடிமரத்தை நாட்டுவதற்கு ஒப்பாகும்.

விதை சேகரிப்பிலும் முறை உண்டு. தில்லையில் ஆண்மரமும் பெண்மரமும் வெவ்வேறு. விதை வேண்டுவோர் பெண்மரத்தைத் தேட வேண்டும். பாக்காவ் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு நீண்ட பச்சைக் குச்சியாகத் தொங்கும். முதிர்ந்து உதிர்ந்ததை நேரே சேற்றில் ஊன்றலாம். புன்னைக் கொட்டையை ஓட்டோடு விதைத்தால் முளைக்க இரண்டு மாதம் வரையிலும் ஆகலாம். பருப்புக்குச் சேதமின்றி ஓட்டை நீக்கினால் ஏறத்தாழ மூன்று வாரங்களில் முளைவிடும். எந்த மரமாயினும் ஒரே தாய்மரத்திலிருந்து எல்லா விதையையும் எடுத்தல் கூடாது. பல மரங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, பறவைக்கும் விலங்குக்கும் மிச்சம் வைத்து, எடுத்த இடத்தையும் நாளையும் குறித்து வைத்தல் வேண்டும். ஒரே மரத்தின் பிள்ளைகளாலான தோப்பை ஒரே நோய் அழித்துவிடக் கூடும். வனக்காப்பு நிலங்களில் விதை எடுப்பதற்கு வனத்துறையின் அனுமதியும் கட்டாயம்.

"வேம்பும் வில்வமும் அரசும் இருக்க, இவை எதற்கு?" என்று சிலர் வினவலாம். வழிபாட்டிற்குரிய அம்மரங்களை ஒருவரும் அகற்றச் சொல்லவில்லை. ஆலய வளாகத்தில் அவை என்றும் இருக்கட்டும். சிவாலயங்களில் பழமையானதெனக் கருதப்படும் நாகலிங்க மரமே தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பக்தி அதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆலயத்தில் மரம் வைப்பது வேறு, அழிந்த கரையை மீட்பது வேறு. முன்னதற்குப் பக்தி போதும். பின்னதற்கு அந்த மண்ணின் விதையே வேண்டும். அவ்வாறே, நச்சுப்பால் கொண்ட தில்லையைப் பிள்ளைகள் விளையாடும் ஆலய முற்றத்தில் வைப்பது தகாது. அதனை அறிந்தவர் மேற்பார்வையில் கழிமுகத்தில் நடுவதே முறை.

ஆலயங்கள் செய்யக்கூடியது பெரிய காரியமன்று. கடலோர ஊர்களின் ஆலயங்கள், மடைப்பள்ளிக்குப் பின்புறம் நிழலான ஒரு மூலையை ஒதுக்கினால் போதும். அவ்வட்டாரத்துப் புன்னையின் கீழ் உதிர்ந்த காய்களை இளைஞர் பிரிவினர் பொறுக்கி வந்து பைகளில் இடட்டும். முதலில் நிழலிலும் பின்னர் வெயிலிலும் பழக்கி, பையினுள் வேர் சுருண்டுகொள்ளுமுன் வெளியே நடட்டும். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்காக இறைவனைக் கடலுக்கு எழுந்தருளச் செய்யும் ஆலயங்கள், அதே கரையில் அம்மண்ணின் கன்றுகளை நட்டு, மறு ஆண்டு வரும்போது எத்தனை பிழைத்தன என்று எண்ணிப் பார்க்கட்டும். நட்ட எண்ணிக்கையைவிடப் பிழைத்த எண்ணிக்கையே அறிக்கையில் இடம்பெறத் தக்கது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆலயத்திற்குக் கும்பாபிஷேகம் நடைபெறுகிறது. இன்று முளைவிடும் புன்னை, அடுத்த கும்பாபிஷேகத்திற்குள் தானும் பூத்துக் காய்க்கும் பருவத்தை எட்டியிருக்கும். அப்பொழுது பிள்ளைகள் விதைக்காக வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. உற்சவ மூர்த்தி இறங்கும் கரையிலேயே தலவிருட்சம் நிழல் தந்து நிற்கும். அதைவிடச் சிறந்த உபயம் வேறென்ன இருக்க முடியும்?