ஒர்க்‌ஷாப்புக்குப் போறது தண்டனையா?



“ஒழுங்காப் படிக்கலேன்னா ஒர்க்‌ஷாப்புக்குத்தாம்ல போவே!” நம்ம ஊரில் இந்த வசவை வாங்காத பையன் உண்டா? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் மாமாவிடம் பழைய அம்பாசடர் கார் இருக்கிறது. வேகம் கூடினால் பின்பக்கம் ‘ஊஊ’ என்று ஒரே ஊளை. “பின் ஆக்சிலையே மாத்துங்க” என்றார் ஒருவர். “எடைக்குப் போடுங்க” என்றார் இன்னொருவர். கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனோம். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. “முதல்ல சத்தத்தைக் கேப்போம் தம்பி” என்று வண்டியில் ஏறினார்.

தார் ரோட்டில் ஓட்டினார், மண் ரோட்டில் ஓட்டினார். சத்தம் மாறவில்லை. அப்படியானால் டயர் இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊளை, காலை எடுத்தால் குறைகிறது. இடமும் வலமும் வளைத்தார், வித்தியாசமில்லை. “சக்கர பேரிங் இல்ல, உள்ளே இருக்கிற சின்னப் பல்சக்கரமும் இல்ல. பினியன் பக்கம்தான் கோளாறு” என்றார். பிறகுதான் கழற்றினார். ஆயில் சீல் ஒழுகி எண்ணெய் குறைந்திருந்தது. மிச்ச எண்ணெயில் இரும்புத்தூள் மினுங்கியது. பினியன் பேரிங் தேய்ந்து ஆடியது. கிரவுன் பற்களில் சாயம் தடவிச் சுற்றினார். சாயம் பல்லின் நடுவில் பதியும்வரை மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி வைத்தார். பல் நன்றாக இருந்ததால் கிரவுனையும் பினியனையும் மாற்றவில்லை. புது பேரிங், புது சீல், புது கியர் ஆயில். ஊளை போயே போச்சு!

இது என்ன வேலை? ஒவ்வொரு காரணமாகச் சோதித்து விலக்குவது. நம் அறிவியல் பாடமும் இதைத்தானே சொல்கிறது?

டிஃபரன்ஷியல் எதற்கு என்று கேட்கிறீர்களா? அணிவகுப்பு திரும்பும்போது வெளி ஓரத்தில் நிற்பவன் எட்டி நடக்கிறான், உள் ஓரத்தில் நிற்பவன் நின்ற இடத்திலேயே காலை மாற்றுகிறான். கார் சக்கரமும் அப்படித்தான். பின்சக்கரங்களுக்கு நடுவே சுமார் 1.3 மீட்டர். கால் வட்டம் திரும்பினால் வெளிச்சக்கரம் சுமார் 2 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும் (1.3 × 3.14 ÷ 2). அதற்கு வழி விடுவதுதான் டிஃபரன்ஷியல். 1820களின் பிற்பகுதியில் இதற்குக் காப்புரிமை பெற்ற பிரான்ஸ் நாட்டு பெக்கூர் ஒரு கடிகாரத் தொழிலாளி! அவரும் பட்டறைக்காரர்தானே?

அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே மேற்கு வங்காளம் உத்தர்பாரா ஆலையில் நின்றுவிட்டது. இன்றும் அந்த வண்டிகள் ஓடுகின்றன என்றால் அது இப்படிப்பட்ட அண்ணாச்சிகளின் காதும் கையும் செய்த வேலை.

படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவே 2 வருடப் படிப்பு. படிக்காதவன் போய் விழும் குழியல்ல ஒர்க்‌ஷாப், படித்ததைச் சோதித்துப் பார்க்கும் இடம். அதைச் சொல்லிப் பயமுறுத்தினால், அங்கே வேலை பார்க்கும் அப்பாவின் பிள்ளை வகுப்பில் தலை குனிகிறான். அதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு டிஃபரன்ஷியல் வாங்கி நம் ஆய்வகத்தில் வையுங்கள். அந்த அண்ணாச்சியை ஒருநாள் அழையுங்கள். நாங்கள் கேள்வி கேட்கத் தயார்!

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்