மீட்ட குதிரை மடிய விடலாகாது
பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட குதிரை காப்பகத்துக்கு வந்த சில நாட்களிலேயே திடீரென நோயுற்று இறப்பதை விதி என்று விட்டுவிட முடியாது. உதகமண்டலத்தின் தெருவோரங்களில் குப்பையை மேய்ந்து எலும்பும் தோலுமாக நிற்கும் குதிரையைக் கண்டு மனமிரங்குபவர்கள், அதன் முன் ஒரு வாளி ஊறவைத்த கொள்ளை வைக்கிறார்கள். அந்த அன்பே ஆபத்தாகிவிடுகிறது. நெடுநாள் வாடிய உடலில் மாவுச்சத்து மிகுந்த தீனி இன்சுலினை உயர்த்துகிறது. ரத்தத்திலுள்ள பாஸ்பரசும் பொட்டாசியமும் மக்னீசியமும் உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டுச் சரிகின்றன. இதயமும் மூச்சும் தளர்கின்றன. உலர்ந்த குதிரைமசாலைச் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுத்து, பத்து நாட்களுக்கு மேல் எடுத்துக்கொண்டு படிப்படியாக அளவைக் கூட்டுவதே சரியான வழி. வயிற்றுவலி இன்னொரு எமன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. முன்காலால் தரையைக் கீறி, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, வியர்வை வழியப் புரளும் குதிரைக்குச் சில மணி நேர அவகாசமே இருக்கலாம். நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டிய இதயம் 60-ஐத் தாண்டிய பிறகும் கைவைத்தியத்தோடு காத்திருப்பது பெரும் தவறு. இரவிலும் அழைத்தால் வரக்கூடிய, குதிரை வைத்தியம் அறிந்த கால்நடை மருத்துவர் மலை ஊர்களிலும் இருக்க வேண்டும். திடீர் மரணம் ஒவ்வொன்றிலும் பிரேதப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட வேண்டும். ஏனெனில், கிளாண்டர்ஸ் போன்ற குதிரை நோய் மனிதரையும் தொற்றிக் கொல்லக்கூடியது. விடியவிடியக் கயிற்றைப் பிடித்து நடத்தியும் குதிரையைப் பறிகொடுத்த பராமரிப்பாளர் மீது பழி சுமத்துவது நியாயமல்ல. இறப்புக்கான காரணத்தை அவருக்கு எழுத்தில் தெரிவிப்பது காப்பகத்தின் கடமை.