ஸ்கானில் "கிட்னி வீங்கியிருக்கு" என்றால்

இந்த முறை தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இங்கிலாந்தில் 18 முதல் 21 கிழமைக்குள் எடுக்கும் ஸ்கானில் ஆணா பெண்ணா என்று அறியத்தான் எங்கட ஆட்கள் ஆவலாகப் போகிறார்கள். அங்கே "கிட்னி" என்ற சொல் காதில் விழுந்தால் போதும், வீடே செத்த வீடு மாதிரி ஆகிவிடும். கிட்னி என்றால் எங்கட நினைப்பு அநுராதபுரம், வவுனியாப் பக்கத்துக் கமக்காரரை வாட்டும் நோய்க்குத்தான் போகும். அது வேறு, இது வேறு.

வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தில் சலம் சேரும் இடம் கொஞ்சம் அகன்றிருப்பதைத்தான் பெரும்பாலும் சொல்லுகிறார்கள். ஏறக்குறைய 100 பிள்ளைகளில் ஒன்றுக்கு இப்படி இருக்கும். மில்லிமீற்றரில் அளப்பார்கள். 20 கிழமையளவில் 7-க்கு மேல் என்றால் கவனித்து, 32 கிழமையளவில் திரும்பவும் பார்ப்பார்கள். 8, 9 என்ற அளவில் உள்ளவை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஒரு சிறுநீரகம் வேலை செய்யாவிட்டாலும், மற்றது நன்றாயிருந்தால் பிள்ளை ஓடியாடி வளரும்.

வைத்தியர்கள் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. சில ஆண்பிள்ளைகளுக்குச் சலக்குழாயில் ஒரு மெல்லிய சவ்வு மறிக்கும். இரண்டு சிறுநீரகமும் வீங்கும், சலப்பை தடிக்கும், பன்னீர்க்குடத் தண்ணீர் குறையும். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி பிள்ளை கழிக்கும் சலந்தான். அது மிகவும் குறைந்தால் நுரையீரல் சரியாக வளராது. ஆகவே "ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? தண்ணீர் போதுமா? சலப்பை எப்படி?" என்று மூன்று கேள்வியைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

தாய் பார்லித் தண்ணீர் குடித்து இதைக் கரைக்க முடியாது. கிரகணத்தில் வெளியே போனதாலும் வந்ததல்ல. மாமிமார் கோபிக்க வேண்டாம், ஆனால் பிள்ளைத்தாய்ச்சியைக் குற்றம் சொல்லி அழவைப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இரவு வேலை முடித்துப் படுத்துக்கிடக்கும் தம்பிமாரே, அன்றைக்கு ஒரு நாள் நித்திரையை விட்டுவிட்டுக் கூடப் போங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று மருத்துவமாதுவிடம் முன்னரே சொன்னால் காசில்லாமல் ஒழுங்கு செய்வார்கள். பள்ளிக்கூடம் போகும் மூத்த பிள்ளையை இதற்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பத்து வயதுப் பிள்ளை சொல்லக்கூடிய செய்தியா இது?

பிள்ளை பிறந்த பிறகும் ஸ்கான் உண்டு. கடுமையான வீக்கமில்லாவிட்டால் முதல் இரண்டு நாளில் எடுக்கமாட்டார்கள். அப்போது பிள்ளை குறைவாகவே சலம் கழிப்பதால் வீக்கம் மறைந்துபோகலாம். சில பிள்ளைகளுக்குக் கிருமி தொற்றாமல் இரவில் சிறிதளவு மருந்து கொடுப்பார்கள். தந்தால் நிறுத்தாமல் கொடுங்கள். ஆண்பிள்ளை என்றால் சலம் பாய்ந்து போகிறதா, சொட்டுச் சொட்டாகப் போகிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் 38 பாகைக்கு வந்தால், விடியட்டும் என்று இராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டோடுங்கள்.

இன்னொன்று. அகதிக் குடும்பங்கள் வருடத்துக்கு இரண்டு வீடு மாறுகிறோம். ஸ்கான் கடிதம் பழைய வீட்டுக்குப் போய் அங்கேயே கிடக்கும். வீடு மாறிய அன்றே குடும்ப வைத்தியருக்கும் வைத்தியசாலைக்கும் புது விலாசத்தைக் கொடுங்கள். பிள்ளைக்கு ஆறு கிழமையாகியும் கடிதம் வராவிட்டால் நீங்களே தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்.