வாடகை விமானமும் நமது கிண்டலும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

போன கிழமை நம்மூர் வட்ஸ்அப் குழுமத்தில் ஓடிய கிண்டலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னிடம் விஞ்ஞானம் படித்த தம்பி ஒருவர் கட்டாரில் வேலை செய்கிறார். ரத்மலானையில் பயிற்சி எடுத்து, தனியார் விமானி லைசன் பெற்றவர். விடுமுறைக்கு அமெரிக்கா போன இடத்தில், தென் கலிபோர்னியாவில் ஒரு சிறிய செஸ்னா விமானத்தை வாடகைக்கு எடுத்து, கூடப் போன நண்பர்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு கடலோரமாகப் பறப்பதாக இருந்தது. குழுமமே படத்துக்காகக் காத்திருந்தது. அன்று காலை மேகம் தாழ இறங்கியிருந்ததால் "இன்றைக்குப் பறக்கவில்லை" என்று ஒரு வரி போட்டார்.

அவ்வளவுதான். "பைலட்டுக்குப் பயம் புடிச்சிட்டு", "ஓட்டோவ எடுத்துக் குடுங்க", "காசும் போச்சு மானமும் போச்சு". விமானப் படத்தின் மேல் கோழிக்குஞ்சை ஒட்டி ஒருவர் போட்டார். அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் நானும் ஒருவன். பிறகு தம்பியோடு தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் பேசினேன். போட்ட குறியை எடுத்துவிட்டேன். எடுத்தால் மட்டும் போதாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் விமானம் வாடகைக்கு எடுப்பது என்றதும், நுவரெலியா போக வேன் பிடிப்பது போல நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு தந்த லைசன், அல்லது அந்த நாடு ஏற்றுக்கொண்ட லைசன் வேண்டும். 1944ஆம் ஆண்டு சிக்காகோ உடன்படிக்கையிலிருந்து வரும் அடிப்படை இது. அமெரிக்காவில் என்றால், அங்குள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகம் நமது நாட்டின் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் லைசன் உண்மையானதா என்று விசாரிக்கும். அதற்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பிறகு நேரில் போய், ஆங்கிலத்தில் பேசிக் காட்டி, அங்குள்ள பயிற்றுநர் ஒருவரோடு தரையில் ஒரு மணித்தியாலமும் வானில் ஒரு மணித்தியாலமும் குறைந்தது செலவழிக்க வேண்டும். வாடகைக்குக் கொடுப்பவரும் தன் பங்குக்குச் சோதித்துப் பார்ப்பார். ஆட்களை ஏற்றுவதென்றால், கடைசி 90 நாட்களுக்குள் மூன்று தடவையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும். தம்பி இத்தனையும் முடித்திருந்தார். விமானத்தின் காப்புறுதி உரிமையாளரைத்தான் காக்கும் என்பதால், தனக்கென்று தனிக் காப்புறுதியும் எடுத்திருந்தார். மணித்தியாலத்துக்கு 150, 200 டொலர் வாடகை கொடுப்பது வீண்விரயம் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது அவர் உழைத்த காசு, அவர் பார்த்துக்கொள்வார்.

எனக்குப் புதிதாக இருந்தது பாரக் கணக்கு. நான்கு ஆசனம் இருந்தால் நான்கு பேர் ஏறலாம் என்றுதானே நினைப்போம்? செஸ்னா 172 எஸ் ரக விமானம் மேலெழக்கூடிய ஆகக் கூடிய எடை 1157 கிலோ. வெறும் விமானத்தின் எடை போக மிஞ்சுவது ஏறக்குறைய 400 கிலோ. தாங்கியை நிரப்பினால் எரிபொருளே 140 கிலோவுக்கு மேல் வரும். மீதியில் நம்மூர் உடம்புகள் மூன்று ஏறலாம், நான்காவது ஏற முடியாது. பெருநாள் முடிந்த கையோடு என்றால் மூன்றுமே சந்தேகம்தான். அதோடு உயரமும் வெப்பமும் கூடக் கூட விமானம் தூக்கும் சக்தி குறையும். அமெரிக்காவின் கொலராடோவில் லெட்வில் என்ற ஊரின் விமான நிலையம் 9934 அடி உயரத்தில் இருக்கிறது. நமது பிதுருதலாகல மலையின் உச்சியை விட அந்த ஓடுபாதை உயரம். கடல் மட்டத்தில் பழகிய விமானி அங்கே போய் நான்கு பேரை ஏற்றினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி அந்த மேகத்துக்கு வருகிறேன். தம்பியின் லைசன் வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பதற்கானது. கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் பறக்கத் தனிப் பயிற்சியும் தனித் தகுதியும் வேண்டும். ஏன் என்பதை வகுப்பில் சுழல் கதிரையை வைத்துக் காட்டியிருக்கிறேன். ஒரு பிள்ளையைக் கண்ணைக் கட்டி இருத்தி ஒரே சீராகச் சுற்றினால், சற்று நேரத்தில் கதிரை நின்றுவிட்டது என்பான். உண்மையில் நிறுத்தினால், எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்பான். காதுக்குள் இருக்கும் திரவம் அப்படி ஏமாற்றும். மேகத்துக்குள் விமானியின் நிலையும் இதுதான். விமானம் சரிந்து திரும்பிக்கொண்டிருக்கும், உடம்போ நேராகப் போவதாகச் சொல்லும். 1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சியில்லாத 20 பேரை, வெளியே தெரியாதபடி மறைத்து, பயிற்றுநரோடு பறக்க விட்டுப் பார்த்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எடுத்த நேரம் 178 செக்கன். மூன்று நிமிடம் கூட இல்லை.

ஜோன் எப். கென்னடியின் மகன் 1999 ஜூலை 16ஆம் திகதி இரவு, தனது சொந்தச் சிறு விமானத்தில் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும் பயணம். இருட்டு, கடலுக்கு மேல் மூட்டம், கருவித் தகுதி இல்லை. மூவரும் கடலில் விழுந்து இறந்தார்கள். விமானி திசை உணர்வை இழந்ததே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. கல்யாண வீட்டில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு அவர் மனதில் இருந்ததா என்று அறிக்கை சொல்லவில்லை. ஆனால் ஒரு கல்யாண வீட்டுக்குப் பிந்திப் போனால் என்ன பேச்சு வரும் என்று நமக்குத் தெரியாதா? இங்கே அந்தப் பேச்சைப் பேசியவர்கள் நாம். படம் எங்கே, படம் எங்கே என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. "ஆளுக்கு 200 டொலர் தாறோம், நீங்க ஒரு சதமும் போட வேணாம்" என்று நண்பர் ஒருவர் தம்பியிடம் பெருந்தன்மையாகச் சொன்னாராம். அமெரிக்கச் சட்டப்படி தனியார் விமானி செலவில் தன் பங்கைக் கட்டாயம் போட வேண்டும். நான்கு பேர் என்றால் காற்பங்கு. அதற்குக் குறைந்தால் சட்டப்படி அது கூலிக்கு ஓட்டுவது போலாகிவிடும். 2019இல் ஆர்ஜென்டினா உதைபந்தாட்ட வீரர் எமிலியானோ சாலா ஆங்கிலக் கால்வாயில் விழுந்து இறந்த விமானத்தை ஓட்டியவரிடம் வர்த்தக லைசன் இருக்கவில்லை, இரவில் பறக்கும் தகுதியும் இருக்கவில்லை. அந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தவருக்கு 18 மாதச் சிறை கிடைத்தது. காசு கைமாறியதும் விமானியால் "முடியாது" என்று சொல்வது கஷ்டமாகிவிடும் என்பதைத் தம்பியே சொன்னார். அதனால்தான் மறுத்திருக்கிறார்.

"சேர், மேகத்துக்குப் பயப்படல்ல. அந்த மூணு பேரோட உம்மாமாருக்கு நான் என்ன சொல்றது?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

கோழிக்குஞ்சுப் படம் போட்டவரும் என் மாணவர்தான். அவருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். வருத்தப்பட்டார். உம்ராவுக்கு, உல்லாசத்துக்கு, வேலைக்கு என்று நம் பிள்ளைகள் உலகம் முழுக்கப் போகிறார்கள். இனியும் யாராவது லைசன் எடுப்பார்கள், உறவினர்களை ஏற்றிக்கொண்டு போவோம் என்பார்கள். அவர் ரத்துச் செய்தால் "நல்லது தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு விடுங்கள்.

இரண்டு நாள் கழித்து வானம் வெளுத்ததும் அவர் பறந்திருக்கிறார். இரண்டு பேரைத்தான் ஏற்றினார். பாரம் கூடிய மூன்றாமவர் கீழே நின்று கையசைத்தாராம். எனக்கு மட்டும் ஒரு படம் அனுப்பினார். குழுமத்தில் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், ஆகவே இங்கும் போடவில்லை.