ஏ.டி.எம். கற்றுத்தந்த பாடமும் மேகக் கணினியும்

துர்கா பூஜை நாட்களில் லேக் மார்க்கெட் பக்கம் ஏ.டி.எம். வாசலில் நீளும் வரிசையைச் சற்றுக் கவனியுங்கள். நிற்பவர்களில் பலர் வேறு வங்கியின் வாடிக்கையாளர்கள் என்பது கையிலுள்ள அட்டையிலேயே தெரிந்துவிடும். கடும் போட்டியில் உள்ள வங்கிகள் தம் இயந்திரங்களை ஒன்றுக்கொன்று திறந்துவிட்டிருப்பது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆயினும் 2004இல் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச் தொடங்கியபோது அதில் இணைந்தவை மூன்றே வங்கிகள்.

இப்பகிர்வைத் தாங்கி நிற்பது ஒரு விலை. அட்டை வழங்கிய வங்கி, இயந்திரம் வைத்துள்ள வங்கிக்கு ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் தரும் இடைமாற்றுக் கட்டணம் அது. 15 ரூபாயாக இருந்த இக்கட்டணம் 2021 ஆகஸ்டில் 17 ஆகவும், 2025 மே மாதத்தில் 19 ஆகவும் உயர்ந்தது. இதைக் குறைத்து வைத்தால், பிறர் இயந்திரத்துக்குத் தம் வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பதே ஆதாயம் என வங்கிகள் கருதும். உயர்த்தினால் சுமை நம்மேல் இறங்கும். கொல்கத்தா போன்ற பெருநகரங்களில் பிற வங்கி ஏ.டி.எம்.மில் மாதம் மூன்று முறைக்கு மேல் சென்றால் 23 ரூபாய் வரை நாம் செலுத்துவது இக்கணக்கின் மறுபக்கமே.

இதே சிக்கல் இப்போது மேகக் கணினித் துறையிலும் எழுந்துள்ளது. சொந்தமாக சர்வர்களை வாங்காமல், பெரிய நிறுவனங்களின் கணினித் திறனை வாடகைக்குப் பெறுவதே மேகக் கணினி. ஒரு நிறுவனத்திடம் வேலையின்றிக் கிடக்கும் திறனை, நெருக்கடியில் உள்ள மற்றொன்று வாங்கிக்கொண்டால் இருவருக்கும் இலாபம்தான். ஆனால் தம் சர்வரைக் கொண்டே போட்டியாளர் தம் வாடிக்கையாளரைக் கவர்ந்துவிட்டால் என்ன செய்வது? தரவை வெளியே கொண்டுசெல்லவும் கட்டணம் வசூலித்து வந்த துறை இது. 2024இல் கூகுள், அமேசான், மைக்ரோசாப்ட் ஆகியவை முற்றிலும் விலகிச் செல்வோருக்கு அதைத் தள்ளுபடி செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் நெருங்கி வந்ததே அதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. தாராள மனம் என நம்புவோர் நம்பலாம்.

நம் நாட்டில், நிதித்துறைக்கெனத் தனி மேகக் கணினி வசதி அமைக்கப்படும் என ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் அறிவித்தது. தொடக்கத்தில் அதன் துணை நிறுவனமான இஃப்டாஸ் அதை நடத்தும். பின்னர் நிதி நிறுவனங்களே உரிமையாளர்களாக உள்ள தனி அமைப்புக்கு அது மாறும். போட்டியாளர்கள் கூட்டாக வைத்திருக்கும் சொத்து என்பதால் இதை வரவேற்கிறேன். ஆனால் ஓர் ஐயமும் உண்டு.

பங்காளிகளின் நெருக்கடி வேளைகள் வேறுபட்டால்தான் பகிர்வில் மிச்சம் கிடைக்கும். பூஜைக் கூட்டம் இங்கே, பொங்கல் கூட்டம் சென்னையில் என்றால் நல்லது. சம்பள நாளும் மார்ச் 31ஆம் தேதியுமோ எல்லா வங்கிகளுக்கும் ஒன்றே. பங்குச் சந்தை வணிகம் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை; வங்கிகளின் நாள்முடிவுக் கணக்கோ இரவில். ஆகவே வங்கிகளோடு பங்குத் தரகு, காப்பீட்டு நிறுவனங்களும் இக்கூட்டில் சேர வேண்டும். நெருக்கடி வேளைக்குரிய விலையும், அப்போது யாருக்கு எவ்வளவு திறன் என்ற ஒதுக்கீடும் முன்னரே விதியாக வகுக்கப்பட வேண்டும். பெரிய வங்கிகளுக்கே முதலிடம் என்றாகிவிட்டால், ஒரு சிறிய கூட்டுறவு வங்கியின் வாடிக்கையாளர் மாத முதல் தேதியன்று மளிகைக் கடையில் கைப்பேசித் திரையைப் பார்த்தபடி காத்து நிற்பார்.